உடைந்த அரிவாளின் உட்புறம்

இரும்புக் கருவி ஒன்று உடைந்துபோனால் நம்மவர் செய்யும் காரியங்கள் இரண்டே. ஒன்று, யார் கையிலிருக்கும்போது உடைந்ததோ அவரைத் திட்டுவது. மற்றொன்று, உடைந்த துண்டுகளைப் பழைய இரும்பு வாங்க வரும் லாரிக்காரனிடம் நிறுத்துப் போட்டுவிடுவது. உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்து, அஃது எவ்வாறு உடைந்தது என்று பார்ப்பவர் மிக அரியர். அவ்வாறு பார்ப்பதற்கென்றே ஒரு சுவரை ஒதுக்கி வைத்திருந்த ஒரு பெரியவரைப்பற்றியும், அச்சுவரைப் படிக்கப் பழகியதனால் நேர்ந்த ஒரு காரியத்தைப்பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன்.

அப்பெரியவருடைய கொல்லுப்பட்டறை புக்கிட் ரோத்தானுக்கு அப்பால், சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு தகரக் கூரையின்கீழ் இருந்தது. அவருடைய தகப்பனார் சிவகங்கைச் சீமையிலிருந்து தோட்டத்துக்கு வந்து, அங்கே கருவிகளைச் செப்பனிடும் வேலையில் அமர்ந்தவர். மகனும் அத்தொழிலையே செய்து, தோட்டம் கைமாறிய பின்னர் வெளியே வந்து சொந்தப் பட்டறை வைத்துக்கொண்டார். உலைக்கு எதிர்ச்சுவரில் மேலிருந்து கீழ்வரை கம்பியில் கோத்த இரும்புத் துண்டுகள் தொங்கும். நுனி முறிந்த பாராங் கத்தி, இரண்டாகப் பிளந்த உளி, கழுத்தொடிந்த குறடு, வாய் உதிர்ந்த மண்வெட்டி, லாரியின் வில்பட்டையிலிருந்து அடித்த கத்தியின் பாதி, இப்படி எத்தனையோ. விற்பனைக்கு வைத்த நல்ல கருவிகள் ஒரு மூலையில் சாக்கின்மேல் கிடக்கும். சுவரில் இடம்பெறும் மரியாதை முறிந்தவற்றுக்கே. புதிதாக வருகிறவர் சிலர் அச்சுவரைக் கண்டு, இவர் வேலை இவ்வளவு மோசமோ என்று எண்ணித் திரும்பிப் போய்விடுவதும் உண்டு. அதைப்பற்றி அவர் கவலைப்பட்டவர் அல்லர்.

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. வயது முப்பதைக் கடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. 2003ஆம் ஆண்டில் இந்நாட்டுப் பள்ளிகளில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கினார்கள். அவ்வாண்டு இடைநிலைப் பள்ளிக்குள் நுழைந்த கூட்டத்தில் யானும் ஒருவன். இரும்பு எத்தனை பாகை வெப்பத்தில் உருகும் என்பதை ஆங்கிலத்தில் தடையின்றி ஒப்புவிப்பேன். ஆனால் பழுக்கக் காய்ந்த இரும்பைக் கண்ணால் கண்டது பள்ளியை விட்டுப் பத்தாண்டு கழிந்த பிறகுதான். ஆட்களின் பெயர்ப் பதிவு, குலைகளின் எடைக் கணக்கு, விடுமுறைச் சீட்டு, விபத்துப் பாரம் ஆகியவற்றோடு பகற்பொழுது கழிகிறது. மேலாளர் அலுவலகத்தின் பழைய வண்டி ஒன்றின் பூட்டுக்கொக்கி முறிந்தபோது அதைச் செய்துவாங்கும் பொருட்டு அப்பட்டறைக்கு முதன்முதலாகப் போனேன். கொக்கி ஆகும்வரை நின்றவன், அது முடிந்த பின்னரும் நின்றேன். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைதோறும் போகலானேன்.

கிராணி சம்மட்டி பிடிக்கிறான் என்னும் செய்தி லயத்தில் பரவியபோது எழுந்த பேச்சைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. "பேனா பிடிக்கிற கைக்கு இந்தக் கர்மம் ஏன்?" என்றார் ஒருவர். "கொல்லன் வேலை கொல்லனுக்கு" என்றார் இன்னொருவர். இவ்விருவருடைய பாட்டன்மாரும் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்தவர்களல்லர். ஒரு தலைமுறை சட்டைப்பையில் பேனாவைச் செருகியவுடனே கையால் செய்யும் தொழில் தாழ்ந்ததாகவும், அது இன்ன குலத்துக்கே உரியதாகவும் நமக்குத் தோன்றிவிடுகிறது. பெரியவர் பக்கத்திலும் இத்தடை இல்லாமலில்லை. தொழில் மருமத்தைப் பிள்ளைகளுக்கன்றிப் பிறர்க்குச் சொல்வதா என்று அவருடைய உறவினர் முணுமுணுத்தார்கள். பிள்ளைகளோ ஒருவர் கிள்ளானில் லாரி ஓட்டுகிறார். மற்றவர் ஷா ஆலாமில் தொழிற்சாலையில் இருக்கிறார். "மருமத்தை வைத்துக்கொண்டு சுடுகாட்டுக்கா போவது?" என்று கேட்டுவிட்டு, என் கையில் குறட்டைக் கொடுத்தார். அவ்வளவோடு அந்த வழக்குத் தீர்ந்தது.

நிற்க, உலையைப்பற்றிச் சொல்லுகிறேன். நம் இளைஞர் சிலர்க்காவது பயன்படும். வீட்டுக்குப் பின்புறம் நான் அமைத்துக்கொண்டது மிகவும் எளியது. பழைய லாரியின் பிரேக் சட்டி ஒன்றே அடுப்பு. அதன் அடியில் இரும்புக் குழாய் ஒன்றைப் பொருத்தி, சிறு மின்விசிறிப் பெட்டியால் காற்றை ஊட்டுகிறேன். முன்னோர்க்குத் தோல்துருத்தி செய்த வேலையை இது செய்கிறது. பட்டடைக்கல்லுக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு ஒன்றை மரக்கட்டையின்மேல் அசையாமல் இறக்கியிருக்கிறேன். கரி, பாக்காவ் மரக்கரி. வட சிலாங்கூரில் பெயரிலேயே கரியைச் சுமந்த பத்து ஆராங் என்னும் ஊரில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டினார்கள். அந்தச் சுரங்கம் மூடிப் பல காலமாயிற்று. இக்காலத்தில் நமக்குக் கிடைக்கும் நல்ல கரி பேராக்கிலிருந்து வருவதே. மாத்தாங்கின் அலையாத்திக் காடுகளை, ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்பை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டியும் நட்டும் பேணி வருகிறார்கள். கோல செப்பெத்தாங்கில் உள்ள சூளைகளில் அம்மரம் கரியாகிறது. கல்லைப்போல் கனத்து, புகையின்றி எரியும். சிரட்டைக் கரியும் நன்று. ஆனால் பொறி அதிகம் பறக்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. துத்தநாகம் பூசிய குழாயையோ தகரத்தையோ உலையில் இடுவது கூடாது. துத்தநாகம் 907 பாகையில் கொதித்து வெண்புகையாய் எழும். அதை மூச்சில் இழுத்தவனுக்கு அன்றிரவே மலேரியாவைப் போன்ற குளிரும் நடுக்கமும் காணும். தோட்டத்தில் கிடைக்கும் பழைய இரும்பில் பாதி துத்தநாகம் பூசியதே ஆகையால் இதை அழுத்திச் சொல்லுகிறேன். கண்ணாடி அணியாமல் சுத்தியலைத் தொடவும் வேண்டா.

முதலில் பழகுவது கொக்கி. பத்து மில்லிமீட்டர்க் கம்பியின் நுனியைக் கூராக்கி, வளைத்து, முனையைச் சுருட்டிவிடுவதுதான். பார்வைக்குப் பிள்ளை விளையாட்டு. ஆனால் புதியவர் பெரும்பாலோர் கம்பியைச் சிறிதே காய்ச்சி, மேலோட்டமாகத் தட்டித் தட்டி உருட்டிக் கூராக்க முயல்வர். மேற்புறத்து இரும்பு ஓடும், நடுவிலுள்ளது ஓடாது. நுனி மீன்வாய்போல் உட்குழிந்து பிளக்கும். அந்த வாயைச் சுத்தியலால் அடித்து மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் பளபளப்பும் வந்துவிடும். ஆனால் உள்ளே இரண்டு உதடுகள் ஒட்டாமல் தொட்டுக்கொண்டிருக்கும். என்றைக்காவது ஒருநாள் கனம் ஏறும்போது அங்கேதான் விரியும். பெரியவருடைய சுவரில் இத்தகைய நுனிகள் மட்டும் ஒரு கொத்து உண்டு. உள்ளம் வரை காய்ச்சு, முதலில் சதுரமாக அடி, பிறகு எட்டுப்பட்டை, கடைசியில் உருட்டு என்பது அந்தக் கொத்தின் பாடம். தோசைத் திருப்பி, தேங்காய் உரிக்கும் பாரை, விளக்குத் தொங்கவிடும் சங்கிலி முதலியவையும் இப்படியே வரிசையாகக் கற்றவை. வீட்டார் மதித்தது தோசைத் திருப்பி ஒன்றைத்தான்.

கத்திக்கு வரும்போதுதான் இரும்பு வேறு, எஃகு வேறு என்பது கைக்குப் புரிகிறது. கோல சிலாங்கூர் நகரத்துக்கு மேலே மெலாவாத்திக் குன்று இருக்கிறதன்றோ? 1784இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்ட கோட்டை அது. அங்கே கிடக்கும் பழைய பீரங்கிகளின்மேல் பிள்ளைகள் ஏறி அமர்ந்து குரங்குகளுக்குக் கடலை போடுவதைப் பலரும் பார்த்திருப்பர். அவை வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கு கரிச்சத்து உண்டு. அதைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தால் நீளாது, பனைவெல்லம்போல் நொறுங்கும். வீட்டுக் கம்பியில் கரிச்சத்து நூற்றுக்கு கால் பங்குகூட இராது. அது மெழுகுபோல் வளையும். ஆனால் எத்தனை முறை காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய உரம் ஏறாது. லாரியின் வில்பட்டையில் நூற்றுக்கு 0.6 பங்கு அளவில் கரிச்சத்து இருக்கும். கத்தியும் அரிவாளும் அதிலேதான் பிறக்கின்றன. கையளவு இரும்பில் ஒரு சிட்டிகைக் கரி கூடுவதும் குறைவதுமே இத்தனை வேறுபாட்டுக்கும் காரணம்.

எஃகை உரமாக்குவது இரண்டு படி. பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று தோய்ப்பது முதற்படி. அப்போது அது கண்ணாடிபோல் கடினமாகும். கண்ணாடிபோலவே உடையவும் செய்யும். ஆகவே மீண்டும் இளஞ்சூடு காட்டி அந்த முரட்டுத்தனத்தை ஓரளவு தணிக்க வேண்டும். தணிக்கும்போது, தேய்த்து வெளுப்பாக்கிய எஃகின்மேல் நிறங்கள் ஓடும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, அப்பால் நாவற்பழ நிறம், முடிவில் மயிற்கழுத்து நீலம். வைக்கோல் மஞ்சள் ஏறத்தாழ 220 பாகை. நீலம் 300 பாகைக்குச் சற்றுக் குறைவு. சவரக்கத்திக்கு மஞ்சளில் நிறுத்த வேண்டும். அடிபடும் கருவிகளுக்கு நாவற்பழத்தையும் தாண்டி விடவேண்டும். இந்த நிறங்களை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் இவற்றுக்கு வேலை இருக்கிறது.

தோய்ப்பதற்குமுன் எவ்வளவு காய்ச்சுவது? புத்தகம் பாகைக் கணக்குச் சொல்லும். பெரியவர் நிழலைச் சொன்னார். வெயிலில் உலை வைத்தவன் கண்ணுக்கு இரும்பு எப்போதும் போதுமான அளவு சிவந்ததாகத் தெரியாது. மேலும் மேலும் காய்ச்சிக்கொண்டே போவான். எஃகு மீறிக் காய்ந்தால் அதனுள்ளிருக்கும் மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்கும். இன்னும் மீறினால் வெள்ளைப் பொறி சிதறி எரிந்தே போகும். எரிந்த எஃகை எந்தக் கொல்லனாலும் மீட்க முடியாது. ஆகையால்தான் கொல்லுப்பட்டறை இருட்டாக இருக்கிறது. நான் பழைய ஒலிபெருக்கியின் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இரும்பு ஏறத்தாழ 770 பாகையில் காந்தத்துக்கு இணங்காமல் போகும். அந்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஏற்றினால் தோய்க்கும் பதம். பெரியவர் அந்தக் காந்தத்தைப் பார்த்துச் சிரித்தார். ஆயினும் தம் கண்ணுக்கும் என் காந்தத்துக்கும் பந்தயம் வைத்து ஒரு மாலைப்பொழுது முழுவதும் சோதித்துவிட்டு, "இது யோக்கியமான சாமான்" என்று ஒப்புக்கொண்டார்.

அவர் எதைக் கையில் வாங்கினாலும் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: "உடைத்துப் பார்த்தாயா, தம்பி?" ஒரு பட்டையிலிருந்து நான்கு கத்தி அடிப்பதானால், முதலில் விரலளவு துண்டு ஒன்றை வெட்டி, கத்திக்குக் காட்டப்போகும் சூட்டையும் தோய்ச்சலையும் அதற்குக் காட்டி, இடுக்கியில் வைத்து ஒரே அடியில் முறித்துவிடுவார். முறிந்த முகத்தைச் சன்னலண்டை கொண்டுபோய்ப் பார்ப்பார். மணிகள் பெருத்து மின்னினால் அதற்கு அவர் வைத்த பெயர் கற்கண்டு. மணியே தெரியாமல் சாம்பல் நிறத்தில் வழவழவென்றிருந்தால் பட்டு. கற்கண்டு கண்டால், மறுபடி சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுதலை மும்முறை செய்வார். மணிகள் மீண்டும் பொடியாகும். அதன்பின் இன்னொரு துண்டை முறிப்பார். பட்டு வரும்வரையில் கத்தியைத் தோய்ப்பதில்லை. கல்லூரிகளில் நுண்ணோக்கி கொண்டு செய்யும் ஆராய்ச்சியின் தலைவாசல் இதுவேயாகும்.

இத்தொழிலில் பெரியோரும் இடறியதுண்டு என்பதற்கு நம் நாட்டு எஃகின் கதையே சான்று. கொங்குநாட்டுக் கொடுமணலில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது இரும்புருக்கிய உலைகளின் அடையாளங்கள் வெளிப்பட்டன. தென்னாட்டில் மண்குகைகளில் இட்டு உருக்கிய எஃகுக் கட்டிகள் மேனாட்டில் ஊட்ஸ் என்று பெயர் பெற்றன. உருக்கு, உக்கு என்னும் நம் மொழிச் சொற்களின் திரிபு அஃது என்பர். பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட அக்கட்டிகளைப்பற்றி 1795இல் லண்டன் அரசக் கழகத்தில் பியர்சன் என்பார் கட்டுரை படித்தார். ஐரோப்பியக் கொல்லர்கள் தம் வழக்கப்படி அதை வெண்சூடாக்கி அடித்தார்கள், அது நொறுங்கிற்று. கரிச்சத்து நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுள்ள எஃகு அது. மங்கிய சிவப்பில் பொறுமையாக அடித்தால்தான் இணங்கும். நம் கொல்லர் அறிந்திருந்த இச்செய்தி கட்டியோடு கப்பலேறவில்லை.

பின்னர், கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த மைக்கேல் பாரடே அதை ஆராய்ந்தார். அதன் சிறப்புக்குக் காரணம் அலுமினா, சிலிக்கா என்னும் மண்சத்துக்களின் கலப்பே என்று 1819இல் எழுதினார். அது தவறு, காரணம் கரிச்சத்துத்தான் என்பதைச் சில ஆண்டுகளில் பாரிஸ் நாணயச்சாலையைச் சேர்ந்த பிரேயான் என்பார் காட்டினார். ஆனால் பாரடே, ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளரோடு கூடி, எஃகில் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் எனப் பலவற்றையும் கலந்து கலந்து பார்த்தார். தவறான எண்ணத்தைத் துரத்திப் போனவரிடமிருந்து கலப்பெஃகு ஆராய்ச்சி என்னும் புதிய துறை பிறந்தது. தம் சோதனைகளை ஒன்றுவிடாமல் எழுதி வெளியிட்டதனால் அல்லவோ மற்றவர் அவரைத் திருத்த முடிந்தது? தொழிலை மூடிவைத்த நம் குலக்கட்டுப்பாடோ, அறிந்திருந்ததையும் இழக்கச் செய்தது.

நம் தோட்டங்களுக்குத் திரும்புவோம். என் பாட்டியார் பால்மரம் வெட்டியவர். பால்குழல்கள் பட்டையின் உட்புறத்தில், மரத்தின் வளர்படலத்தை ஒட்டியே மிகுதி. ஆகவே கத்தி ஆழமாகப் போகவேண்டும். ஆனால் அப்படலத்தைத் தொடக்கூடாது. நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. விடியுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றியவர்களைத்தான் கணக்கேடுகள் பயிற்சியற்ற கூலிகள் என்று பதிந்தன. கத்தி மழுங்கினால் கை அழுத்தும். அழுத்தினால் மரம் காயப்படும். காயப்பட்ட இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பல ஆண்டு கழிந்தும் அவ்விடத்தில் மீண்டும் வெட்ட முடியாது. பாட்டியார் ஒரு மரத்தைத் தடவிப் பார்த்து, இன்ன ஆண்டு இன்னார் நிரை இது என்று சொல்லுவார். ஆகையால் அந்திதோறும் லயத்து வாசலில் சாணைக்கல் ஓசை கேட்டபடியே இருக்குமாம்.

இப்பகுதியில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அதன் தொடக்கமும் இங்கேதான். மலாயாவில் வாணிகத்துக்கென முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டது 1917இல், இப்போது பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில். பயிரிட்டவர் ஹென்றி பொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயாவைப்பற்றிய நாவலுக்காக 1930இல் கோன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. தோட்டத்தின் பெயர் மட்டும் தமிழ். செம்பனை இளமரமாயிருக்கும்போது குலையை உளியால் குத்தி இறக்குவார்கள். உயர்ந்துவிட்டால் நீண்ட குழாயின் தலையில் அரிவாளைக் கட்டி, கீழிருந்து இழுத்து அறுக்க வேண்டும். அறுப்பவன் அண்ணாந்து நிற்கிறான். அவன் முகத்துக்கு நேர்மேலே, மூன்றாள் நான்காள் உயரத்தில், முழுப்பலத்தோடு இழுபடும் எஃகு இருக்கிறது. பால்கத்தியின் பழுதைப் பெரும்பாலும் மரமே தாங்கிற்று. அரிவாளின் பழுதைத் தாங்குவது மனிதனுடைய உடம்பு.

2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு தோட்டத்தில் அப்படியொரு அரிவாள் முறிந்தது. முனைப்பாதி கீழே வந்து, வங்காளதேசத்திலிருந்து வந்து வேலை செய்யும் ஓர் இளைஞனுடைய தோளைப் பிளந்தது. கழுத்துக்கு நான்கு விரல் தள்ளி. உயிருக்கு மோசமில்லை. மறுநாள் விபத்துப் பாரம் என் மேசைக்கு வந்தது. காரணம் என்ற பத்தியில் என்ன எழுதுவது என்பதை வாய்மொழியாகச் சொல்லியும் அனுப்பினார்கள்: தொழிலாளியின் கவனக்குறைவு, அரிவாளைத் தவறாகத் திருகி இழுத்தான்.

அந்தத் துண்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். முறிந்த முகத்தில் இரண்டு நிறம் இருந்தது. முதுகுப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு புதிதாய் முறிந்த வெண்சாம்பல். வாய்ப்பக்கம் ஒரு பங்கு கருநீலம். துரு படிந்த இடம்போக, நாவற்பழமும் மயிற்கழுத்தும் ஓடிய நிறம். மேலே சொன்ன நிறங்களை வாசகர் இப்போது நினைவுகூர்க. அந்த நிறம் எஃகைத் தணிக்கும் சூட்டில் மட்டுமே படிவது. விரிசலின் உள்முகத்தில் அது படிந்திருந்ததாயின், தணிப்பதற்கு முன்னரே விரிசல் அங்கே இருந்தது என்பது ஐயமற்றது. தோய்க்கும்போதே பிளந்திருக்கிறது, அதன்பிறகுதான் இளஞ்சூடு காட்டி, தீட்டி, வர்ணம் பூசி, விற்றிருக்கிறார்கள். அந்த இளைஞன் எப்படித் திருகி இழுத்திருந்தாலும், எஃகின் உள்ளே நீலம் பூசியிருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராமல் அன்று மாலையே பெரியவரிடம் கொண்டுபோனேன். ஒரு முறை புரட்டிப் பார்த்தார். "தண்ணீரில் போட்டிருக்கிறான். வில்பட்டையைத் தண்ணீரில் போடலாமா?" என்றார்.

பாரத்தில் நான் எழுதியது: கருவியில் முன்னரே இருந்த விரிசல். துண்டை உறையிலிட்டு உடன் வைத்தேன். அதை அடித்துவிட்டு வேறு பாரம் நிரப்பித் தரும்படி சொல்லப்பட்டது, நான் நிரப்பவில்லை. 2019ஆம் ஆண்டு சனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் பெர்க்கேசோ காப்புறுதிக்குள் வந்துவிட்டனர். வேலையில் பட்ட காயம் என்றாலே போதும், யார் குற்றம் என்பது அங்கே தடையாகாது. எனவே அவ்விளைஞனுக்குச் சேரவேண்டியது எப்படியும் சேர்ந்தது. எனக்கு உறக்கம் கெடுத்தது வேறொன்று. அதே நாளில், அதே கடையில், 12 அரிவாள் வாங்கியதாகக் கணக்கேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. கவனக்குறைவு என்று எழுதி மூடிவிட்டால், மற்ற 11 அரிவாள்களும் மறுநாள் காலையில் பிரட்டுக்களத்திலிருந்து வெளியே போகும்.

அவற்றை அன்றைக்குப் பண்டகசாலையில் நிறுத்திவைக்கக் கேட்டுக்கொண்டேன். பெரியவர் வந்தார். முன்னாளில் ரயில் பட்டறைகளில் அச்சுகளைச் சோதித்த முறை ஒன்று உண்டு, அதையே செய்தோம். அரிவாள்களின் வர்ணத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புக்கட்டிப் பொடியை மேலே தூவி வைப்பது. விரிசலில் புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைப்பொடியில் மயிரிழைபோல் கறுப்புக் கோடாக எழும். கால்மணி நேரத்தில் 3 அரிவாள்களில் கோடு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த மண்டோர், தாம் அதுவரை கையில் வைத்திருந்த அரிவாளைக் கீழே வைத்தார். பொடியில் அந்தக் கோடு மெதுவாக நீண்டுகொண்டே போவதைப் பார்த்தவர்க்கு அதற்குமேல் வாதம் தேவையில்லை.

அதற்குப்பின் சில காலம் அத்தோட்டத்து அரிவாள்களைப் பெரியவரே அடித்தார். நான் ஞாயிறுதோறும் சம்மட்டி போட்டேன். வில்பட்டையைச் சூடுகாட்டிய பாமாயிலில் தோய்த்தோம். அரிவாள் அறுக்கப்போகும் பழத்தின் எண்ணெயிலேயே அரிவாளுக்கு உரம் ஏறுவதைக் கண்டு மண்டோருக்கு ஒரே வேடிக்கை. தண்ணீர் எஃகைச் சடக்கென்று குளிரச் செய்து உள்ளும் புறமும் இழுபறியாக்கிப் பிளக்கிறது; எண்ணெய் சற்று நிதானமாக வெப்பத்தை வாங்குகிறது. வில்பட்டைக்கு அந்த நிதானம் போதும். ஒவ்வொரு பன்னிரண்டிலும் ஒன்றை எடுத்து முறித்துப் பார்ப்பது அவர் வைத்த நிபந்தனை. இங்கேதான் சங்கடம் பிறந்தது. 12 அரிவாளுக்குப் பணம் கொடுத்து 11 வாங்குவதா என்று கேள்வி எழுந்தது. பண்டகசாலைப் பேரேட்டில் தேய்ந்தது, தொலைந்தது, களவு போனது என்பதற்கெல்லாம் பத்தி இருக்கிறது. வேண்டுமென்றே உடைத்தது என்பதற்கு இல்லை. கடைசியில் அந்தப் பன்னிரண்டாவது அரிவாளுக்குப் பெரியவர் கூலி வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. அதாவது, ஆளுடைய கழுத்தைக் காக்கும் செலவை அந்தக் கிழவருடைய முதுகில் ஏற்றினோம். அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

2024இல் அவருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. சிவப்பில் தரம்பிரிக்க முடியாதவன் உலைமுன் நிற்கக்கூடாது என்று தாமே பட்டறையை மூடினார். சம்மட்டிகளையும் குறடுகளையும் எனக்கு விலைக்குக் கொடுத்தார். பேரம் பேசியே கொடுத்தார். சுவரை மட்டும் இனாமாகத் தந்தார். இப்போது அத்துண்டுகள் என் வீட்டுப் பின்கட்டில் தொங்குகின்றன. ஒவ்வொன்றின்கீழும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய சீட்டு இருக்கிறது: மீன்வாய், கற்கண்டு, எரிந்தது, கறுப்புச்சூட்டில் அடித்தது, தண்ணீரில் பிளந்தது. நீலம் படிந்த அரிவாள் முகத்துக்கு நடுவிடம்.

ஜெராம், ஈஜோக், தஞ்சோங் காராங் பக்கத்து அன்பர்கள் எவரிடமாவது உடைந்த அரிவாளோ உளியோ பாராங்கோ இருக்குமாயின், பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டா. முறிந்த முகத்தைக் கையால் தடவாமல், எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். எந்தத் தோட்டத்தில், எந்த வேலையில், எத்தனையாவது நாளில் முறிந்தது என்று ஒரு சீட்டும் எழுதி அதனுடன் வைத்தால் பெரிய உதவியாக இருக்கும். எங்கள் சுவரில் இடது ஓரம் இன்னும் காலியாகவே இருக்கிறது.